வாலில் ஒரு ‘ங்க’

நான் நாலாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனாலும் பிழைக்க வந்த வேற்றுமொழி ஊரில் வாயை மூலதனமாகப் போட்டுச் சலவைக்கடையை நிமிர்த்தினேன். கடைவீதியில் என்னைப் போல் பேச ஆளில்லை என்பார்கள், உண்மைதான். அப்பேர்ப்பட்ட நானே அசந்து நின்றது என் மருமகளிடம்.

அவள் தமிழும் இல்லாத, இந்த ஊர்ப்பாஷையும் இல்லாத வேறு மொழிக்காரி. என் மகனைக் கட்டிக்கொண்டு வந்தபோது தமிழில் தெரிந்தது “ஆமா” ஒன்றுதான். கடை முன்பக்கம் தையல் மிஷினைப் போட்டு, கிழிசல் தைத்தபடியே, துணி போட வரும் தமிழர்களின் வாயைப் பார்த்துக் கற்றாள். மகள் பிறந்ததும் அவளிடம் தன் தாய்மொழியில்தான் கொஞ்சினாள். நாங்கள் தமிழ், பள்ளியில் ஊர்ப்பாஷை. ‘மிளகு’ என்று நாங்கள் கூப்பிடும் அந்தப் பொடிசு மூன்றையும் லபக்கென்று விழுங்கியது.

திடீரென்று டீச்சர் என் மகனைக் கூப்பிட்டனுப்பினார். “சொல்லுக்குச் சொல் பின்னால என்னமோ மூக்கால சத்தம் போடுறா. ரெண்டு மூணு பாஷை கலந்து குழம்பிட்டா. வீட்டுல இனி எங்க பாஷை மட்டும் பேசுங்க.”

அவன் தலையாட்டிவிட்டு வந்தான். மருமகள் வாயைத் தைத்துக்கொண்டாள். குளிப்பாட்டும்போதுகூடத் தட்டுத்தடுமாறி ஊர்ப்பாஷை. மிளகு அம்மாவை அந்நியரைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். வீட்டில் பேச்சையே விட்டுவிட்டாள்.

“மாமா, என்ன சத்தம்னு நானே போய்க் கேக்கறேன்.”

“நானும் வரேம்மா. பேச்சுன்னா நான் இல்லாமலா?”

வகுப்பு வாசலில் நின்றோம். மிளகு டீச்சரிடம் ஊர்ப்பாஷையில் தண்ணீர் கேட்டாள். சொல்லின் வாலில் ஒரு ‘ங்க’. அடுத்து பக்கத்துப் பிள்ளையிடம் ஏதோ கேட்டாள். வால் இல்லை!

நான் வாயெடுப்பதற்குள் மருமகள் உள்ளே போய்விட்டாள். “டீச்சர், அது குழப்பம் இல்ல, மரியாதை! தமிழ்ல பெரியவங்ககிட்ட ‘ஆமாங்க’, ‘வேணாங்க’ம்போம். அதை உங்க பாஷைக்கும் ஒட்டிட்டா. பிள்ளைங்ககிட்ட ஒட்டல, பாருங்க.”

டீச்சர் மறுபடி பேச வைத்துப் பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். “இந்த வகுப்புல எனக்கு மரியாதை குடுத்தது இவ ஒருத்திதான், அவளையா குறை சொன்னேன்! நீங்க உங்க பாஷையிலயே பேசுங்கம்மா.”

பள்ளி விட்டு மிளகோடு வீதியில் இறங்கியதும் மருமகள் தன் பாஷையில் ஆரம்பித்தாள். அடக்கி வைத்ததெல்லாம் கொட்டியது. மிளகு குறுக்கே குறுக்கே புகுந்து பதில் சொன்னாள். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. நிறுத்தச் சொல்ல மனமில்லாமல், கடைக்குச் சுற்றுவழியில் கூட்டிக்கொண்டு போனேன்.