குளியல் தொட்டியில் மந்திரி

லாமெர்ட் ஹாவர்காம்ப் தண்ணீர் விஷயத்தில் மகா கெட்டிக்காரர். மெப்பல் நகரத்துக்குப் பக்கத்தில் ஊர் நீச்சல்குளத்தின் பம்பு அறையை முப்பது வருஷம் ஆண்டவர். குளத்து நீரின் பிஎச் 7.2-இல் நிற்க வேண்டும், நின்றது. ஏறினால் அமிலம், இறங்கினால் சோடா, எதற்கும் இருக்கட்டும் என்று குளோரின். அந்தத் தண்ணீரில் ஒரு கிருமி பிழைத்ததில்லை, ஒரு பாசி துளிர்த்ததில்லை. உயிருள்ள எதுவும் தங்க முடியாதபடி தண்ணீரைக் காத்ததற்காகத்தான் ஓய்வுபெற்ற அன்று அவருக்குப் பூங்கொத்து கொடுத்தார்கள். மனுஷன் அதை வாங்கிக்கொண்டு நேராகப் போய் மீன் வளர்ப்போர் சங்கத்தில் சேர்ந்தார். யாராவது தடுத்திருக்கலாம்.

மகள் ஃபென்னா ஏழு வயதில், அந்த நாட்டு வழக்கப்படி உடுப்பும் செருப்புமாக நீந்திக் காட்டி நீச்சல் டிப்ளமா வாங்கியபோது, மற்ற அப்பன்மார் எல்லாரும் கரையில் பூவோடு நின்றார்கள். இவர் பம்பு அறையில் நின்றார். "அன்னிக்குத் தண்ணி எவ்வளவு தெரியுமா? சரியா 7.2!" என்று இன்றைக்கும் பிறந்தநாள் விருந்துகளில் சொல்லுவார். வட்டமாகப் போட்ட நாற்காலிகளில் உட்கார்ந்து கேக் தின்பவர்கள் கேட்டுத்தான் ஆக வேண்டும், தப்ப வழியில்லை.

வீட்டில் ஏற்கெனவே ஒரு மீன் தொட்டி இருந்தது. அவருடைய மனைவி ரூலியின் தொட்டி. பாசி பிடித்து, பார்ப்பதற்குக் குட்டை மாதிரி இருக்கும். அதில் ஒரே ஒரு மீன், ஆரஞ்சு உடம்பில் கறுப்புப் பட்டை போட்ட, மீசை வைத்த பெரிய லோச் மீன். ஃபென்னா பிறந்த வருஷம் ரூலி வாங்கியது. நன்றாகத் தின்றுவிட்டு ஒருக்களித்துப் படுத்துத் தூங்குவதே அதன் உத்தியோகம் என்பதால் மந்திரி என்று பேர். ஃபென்னா வளர்ந்து வேறு ஊருக்குப் போய்விட்டாள். மந்திரி போகவில்லை.

வசந்தத்தில் சங்கத்து நடுவர் வீடு வீடாக வந்து தொட்டிகளைப் பார்த்து மதிப்பெண் போடுவார். அது போதாதா லாமெர்ட்டுக்கு! குட்டையைக் காலி செய்தார். புதுக் கறுப்பு மண் கொட்டினார். செடிகளை உயர வாரியாக, நிற வாரியாக, தெருத் தெருவாக நட்டார். பகலில் செடிகளுக்குக் கரியமில வாயு குமிழிட ஓர் உருளை வைத்தார். பழைய வடிகட்டியைப் பார்த்து முகம் சுளித்து, பஞ்சு உட்பட எல்லாவற்றையும் குளோரின் போட்டு வெளுத்துக் கழுவினார். பழக்கதோஷம். ஒரு துண்டுப் பஞ்சை மட்டும் அதற்கு முன்பே ரூலி அவருக்குத் தெரியாமல் எடுத்துப் போயிருந்தாள்.

மந்திரி மாடியில் குளியல் தொட்டிக்கு மாற்றப்பட்டார்.

"எத்தனை நாளைக்கு இவன் இங்கே கிடக்கணும்?" என்றாள் ரூலி.

"பிஎச் 6.5-க்கு வரட்டும். வந்ததும் இறக்கிடலாம்."

"வயசான ஜீவன், லாமெர்ட். இவனுக்கு ஏதாவது ஆச்சு, உன்னை அந்தத் தொட்டிக்குள்ள நட்டுடுவேன்."

அன்றிலிருந்து அவள் குளிக்கத் தங்கை வீட்டுக்குப் போனாள். அவர் தம் பழைய நீச்சல்குளத்துக்குப் போனார்.

பிஎச் வந்தது, ஆனால் நிற்கவில்லை. காலையில் 7.4, மாலையில் 6.4. முப்பது வருஷத்தில் இப்படி எதிர்த்துப் பேசிய தண்ணீரை அவர் பார்த்ததே இல்லை. காலையில் அமிலம் விட்டார், மாலையில் சோடா போட்டார். மறுநாள் இரண்டையும் கொஞ்சம் கூட்டினார். அடுத்த தெரு யான்னஸ், சங்கத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர், திரை போடாத ஜன்னல் வழியாக இந்தக் கூத்தைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார்.

"டேய், பகல்ல வாயு போகுது, பிஎச் இறங்குது. ராத்திரி வாயு நிக்குது, ஏறுது. அது மூச்சு விடுதுடா! விடு அதை."

"என் குளத்துல எந்தத் தண்ணியும் மூச்சு விட்டதில்லை."

"அதான் தெரியுமே!" என்று யான்னஸ் தலையில் அடித்துக்கொண்டு போனார்.

நடுவர் வருவதற்கு இரண்டு நாள் முன்பு, காலையில் அளந்தால் அச்சாக 6.5. லாமெர்ட்டுக்குத் தலைகால் புரியவில்லை. ரூலி தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள், மாலையில்தான் வருவாள். அவள் வரும்போது வியப்பில் ஆழ்த்த வேண்டும் என்று மந்திரியை வாளியில் கீழே கொண்டுவந்து புதுத் தொட்டிக்குள் விட்டார். மந்திரி செடித் தெருக்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஓர் ஓரமாகப் படுத்தார். மீனைத் திரும்பிப் பார்க்காமல் லாமெர்ட் மாலையில் மறுபடி அளந்தார். 6.1. கை தானாகச் சோடா டப்பாவுக்குப் போனது. ஒரு கரண்டி, போதாது, இன்னொரு கரண்டி. அளவு எட்டைத் தாண்டிவிட்டது. சரி, அமிலப் புட்டி எங்கே என்று அவர் அலமாரியைக் குடைந்துகொண்டிருந்தபோதுதான் ரூலி வாசலில் நின்று அலறினாள்.

மந்திரி நீர்மட்டத்துக்கு வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடிக்கொண்டிருந்தார். பட்டைகள் வெளுத்துச் சாம்பலாகியிருந்தன.

"வலையை எடுக்கறேன்!"

"வலை வேண்டாம்! கண்ணுக்குக் கீழ முள்ளு இருக்கு, சிக்கிக்கும்! நகரு!" ரூலி சட்டைக் கையோடு தொட்டிக்குள் வாளியை இறக்கி, செடித் தெருக்களை நாசம் செய்து, மீனை மொண்டுகொண்டு மாடிக்கு ஓடினாள். லாமெர்ட் பின்னால் ஓடினார். குளியலறைக் கதவு அவர் முகத்துக்கு நேரே சாத்தப்பட்டது.

நடுவர் திருமதி டோங்கென்ஸ் வந்தபோது கீழே தொட்டி மறுபடி மினுமினுத்தது. லாமெர்ட் அமிலம் விட்டு அளவை இறக்கி, செடிகளை நிமிர்த்தி நட்டிருந்தார். ஊர் வழக்கப்படி காப்பியும் ஒரே ஒரு பிஸ்கட்டும் தந்து டப்பாவை மூடினாள் ரூலி. நடுவர் தம் பெட்டியைத் திறந்து தண்ணீரைச் சோதித்தார்.

"பிஎச் 6.5. பிரமாதம்," என்றார். லாமெர்ட் நெஞ்சு விரிந்தது. "அமோனியா எக்கச்சக்கம். மீன் எங்கே?"

"குளிக்குது," என்றாள் ரூலி.

மூவரும் மாடிக்குப் போனார்கள். குளியல் தொட்டியில் வெறும் குழாய்த் தண்ணீர், ஒரு சூடேற்றி, குமிழிகளுக்கு நடுவே அழுக்குப் பழுப்பாக அந்தத் துண்டுப் பஞ்சு. மந்திரி ஒருக்களித்துப் படுத்திருந்தார். பட்டைகள் மைக்கறுப்பாகத் திரும்பியிருந்தன. நடுவர் பதறாமல் இங்கேயும் அளந்தார்.

"7.8. அமோனியா துளிகூட இல்லை. என்ன பண்ணினீங்க?"

"பாதித் தண்ணியை அப்பப்ப மாத்துவேன். இவனைப் பாத்துட்டே உக்காந்திருப்பேன்."

நடுவர் லாமெர்ட் பக்கம் திரும்பினார். "புது மண்ணு அமோனியா விடும், ஐயா. அதைத் தின்ன வேண்டிய கிருமிகளை நீங்க வெளுத்துட்டீங்க. பிஎச் தாழ இருந்தவரை அது பெருசாக் கடிக்கலை. சோடா போட்டு ஏத்தினதும் விஷமாயிடுச்சு. மண்ணு அடங்கட்டும். அந்தக் கிருமிகள் இந்தப் பஞ்சுல இருக்கு, பாதியைக் கீழே வைங்க, புட்டிகளைத் தொடாதீங்க." செடிகளுக்கு நல்ல மதிப்பெண், மீனுக்குப் பூஜ்யம் போட்டு, இரண்டாவது பிஸ்கட்டை எதிர்பார்க்காமல் கிளம்பிப் போனார்.

லாமெர்ட் குளியல் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தார். மீனைக் கொல்லப் பார்த்திருக்கிறார், அதுவும் சரியான அளவோடு. வெட்கமாக இருந்தது.

"பூ நான்தான் கொடுத்தேன்," என்றாள் ரூலி திடீரென்று.

"எந்தப் பூ?"

"ஃபென்னாவுக்கு. ஈரத்தோட வந்து, அப்பா எங்கேன்னு கேட்டா. தண்ணியைப் பாக்கறாருன்னு சொன்னேன்."

அவருக்கு 7.2 ஞாபகம் இருந்தது. ஃபென்னா அன்றைக்கு என்ன நிறச் சட்டை போட்டிருந்தாள் என்று யோசித்தார், யோசித்துக்கொண்டே இருந்தார். கை தன்னையறியாமல் தண்ணீரை நோக்கிப் போனது.

"கையை எடு. குளோரின் நாத்தம். வேணும்னா பாரு."

அவர் கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தார். மந்திரி மெல்ல எழுந்து, ரூலியின் விரலருகே வந்து உரசிவிட்டுப் போனார். லாமெர்ட் குனிந்து கூர்ந்து பார்த்தார்.

"ரூலி, இவன் மீசை ஒரு பக்கம் கட்டையா இருக்கே! இது எப்போ ஆச்சு?"

"ஃபென்னா பள்ளிக்கூடம் போயிட்டிருந்தப்ப."