பக்கத்துக் குழாய்

குளத்தூரில் ரத்தப் பரிசோதனைக் கூடம் வைத்திருந்தவருக்கு உட்காரவே தெரியாது. ஒல்லியான மனிதர், முப்பத்தைந்து வயதிருக்கும், கடும் வெயிலிலும் முழுக்கைச் சட்டை. வாசலுக்கும் மேசைக்கும் நடந்துகொண்டே இருப்பார்.

தொண்ணூற்று நான்கில், மூட்டுவலிக் காய்ச்சலுக்குப் பிறகும் எனக்கு நெஞ்சுப் படபடப்பு அடங்காததால், டாக்டர் அங்கே அனுப்பினார். ரத்தத்தை மெல்லிய கண்ணாடிக் குழாயில் நிறுத்தி, ஒரு மணி நேரத்தில் சிவப்பு எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பார்கள். உடம்புக்குள் அழற்சி, அந்தப் பக்கத்துச் சொல்லில் நீர்க்கெட்டு, இருந்தால் வேகமாக இறங்கும்.

எனக்கும் இருப்புக்கொள்ளவில்லை. என் குழாய்க்குப் பக்கத்தில் இன்னொன்று நின்றது. அதில் சிவப்பு கண்ணெதிரே இறங்கிக்கொண்டிருந்தது. யாரோ பாவம் என்று நினைத்தேன். என்னுடையது அப்படியே நின்றதில் சந்தோஷமும் பட்டேன்.

நேரமானதும் கூடத்துக்காரர் குனிந்து பார்த்தார். “சாருக்கு ஒண்ணும் இல்ல. பேடிக்காம போவும்.”

“பக்கத்துல உள்ளது யாருக்கது? வயசான ஆளா?”

“ஆளுக்கு வயசு கொறவாக்கும். காச்சல் எப்பவோ போச்சு, நீர்க்கெட்டு போகல்ல. அது உள்ள கெடந்து ஹார்ட்ட மட்டும் கெழடாக்கிப் போட்டு.”

“அவருட்ட சொல்லியாச்சா?”

“அவனுக்குத் தெரியும், சாரே. எல்லா மாசமும் பாப்பான், கொறஞ்சிருக்கும்ணு.”

கை கழுவச் சட்டைக்கையைச் சுருட்டினார். முழங்கை மடிப்பில், என் கையில் இருந்ததைப் போலவே, பஞ்சு ஒட்டியிருந்தது.

நான் சீட்டை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன். அவர் முன்னால் நான் பட்ட அந்தச் சந்தோஷம் மட்டும் இன்னும் என்னை உட்காரவிடவில்லை.