மைதீன் தள்ளிய வண்டி

புனே பக்கம் தேஹு ரோடு ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோ ஓட்டிய மேலப்பாளையத்து மைதீனுக்கு உபதேசம் என்றாலே ஆகாது. பதினேழு வயதில் மாமாவின் தோல் மண்டியில் எடுபிடியாக வந்தவன். அந்த மாமா ஐந்து வேளையும் தொழுதுவிட்டு, ஆறாவது வேலையாக எடைக்கல்லை அரம் போட்டுத் தேய்ப்பார். அதைப் பார்த்தே மைதீன் முடிவு கட்டிவிட்டான்: நல்லது கெட்டது என்பதெல்லாம் மனுஷன் தன் வசதிக்கு மண்டைக்குள் அடித்துக்கொண்ட கூடாரம். வெளியே தேடிப் போனால் ஒரு முளைக்குச்சிகூடக் கிடைக்காது.

அதே ஸ்டாண்டில் வண்டி ஓட்டும் பாளையங்கோட்டை ஜானுக்கு இந்தப் பேச்சு பொறுக்காது.

"நீரு பார்த்தாலும் பார்க்காட்டாலும் சூரியன் இருக்கு வே. நியாயமும் அப்படித்தான்."

"சூரியன் சுடும். உம்ம நியாயம் இதுவரைக்கும் யாரைச் சுட்டுச்சு?"

 அதற்கும் ஜான் வாயை மூட மாட்டான்.

தொண்ணூற்றெட்டு மழைக்காலத்தில் ஒரு பயணியின் பை காணாமல் போனபோது, மைதீன்தான் எடுத்திருப்பான் என்று ஸ்டாண்டு முழுக்கச் சொன்னதும் இந்த ஜான்தான். நியாயமே இல்லை என்கிறவன் வேறென்ன செய்வான் என்று காரணம் வேறு. பை ரயிலிலேயே கிடைத்தது. ஜான் மன்னிப்புக் கேட்கவில்லை. நியாயத்தை மொத்தக் குத்தகைக்கு எடுத்தவன் எதற்குக் கேட்கப் போகிறான்?

ஸ்டாண்டில் ஒரு வழக்கம் உண்டு. முன்வண்டி கிளம்பினால் மற்றவர்கள் டீசலை மிச்சம் பிடிக்க வண்டியைக் கையால் தள்ளி முன்னேறுவார்கள். எவனாவது டீக்கோ தொழுகைக்கோ போயிருந்தால், பின்னால் இருப்பவன் அவன் வண்டியையும் தள்ளிவிட வேண்டும். எந்தப் பலகையிலும் எழுதாத சட்டம்.

தொண்ணூற்றொன்பதில் ஒரு மத்தியானம். ஜான் வரிசையின் வாலில், ரோட்டு மேலேயே வண்டியை விட்டுவிட்டுப் பல் பிடுங்கப் போனான். அவனுக்கும் பின்னால், கடைசியாக மைதீன். லோனாவ்ளா ரயில் வந்தது. முன்னால் நின்ற வண்டிகள் எல்லாம் ஆளை ஏற்றிக்கொண்டு போய்விட்டன. மிச்சம் இரண்டே வண்டி. தூரத்தில், ரோட்டில் நிற்கும் வண்டிகளைத் தூக்கிப்போகும் போலீஸ் கிரேன் வருவது தெரிந்தது. ஜானின் பர்மிட் தீர்ந்து போனது மைதீனுக்குத் தெரியும். கிரேன் தூக்கினால் வண்டி திரும்பாது. அதோடு ஜான் பிழைப்பும் போச்சு.

மைதீன் பொய் சொல்ல வேண்டாம், கை வைக்க வேண்டாம். சும்மா சுற்றிக்கொண்டு முன்னால் போய் நின்றால் போதும். பார்க்க ஒரு ஈ காக்காய் இல்லை.

ஸ்டார்ட் பண்ணினான். பாதி வளைத்தான். பிறகு "சனியன்" என்று இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி, ஜான் வண்டியின் ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, இடுப்பு ஒடியத் தள்ளி ஸ்டாண்டுக்குள் முதல் இடத்தில் நிறுத்தினான். தன் வண்டியை அதற்குப் பின்னால் போட்டான். கிரேன் சும்மா போனது.

ஜான் வந்தான். கன்னம் வீங்கி, வாய் நிறையப் பஞ்சு. போகிற கிரேனைப் பார்த்தான், வண்டியைப் பார்த்தான், மைதீனைப் பார்த்தான். பிறகு சீட்டைத் தூக்கி ஸ்பேனர்களை எண்ண ஆரம்பித்தான்.

"எல்லாம் இருக்கா வே?" என்றான் மைதீன். "வாயில பஞ்சு இருக்கிற வரைக்கும் நீரு தங்கமான மனுஷன். எடுத்துராதேயும்."

வீட்டில் பெண்டாட்டி சுல்தான் பீவிக்கு ஆறவில்லை. "அந்தாளு வண்டியை எதுக்குத் தள்ளுனிய? கிரேன்காரன் கொண்டுபோகட்டும்னு விட வேண்டியதுதானே."

"விடத்தான் போனேன். உள்ள இருக்கிறவன் விடல."

"நியாயமெல்லாம் மண்டைக்குள்ளதான்னு சொல்லுவிய. உங்க மண்டைதானே, வெளிய போன்னு சொல்லுங்க."

"சொல்லாமலா? புனே பழைய வாடகைக்காரன் மாதிரி, உக்காந்தா உக்காந்ததுதான். எனக்கு முந்தியே குடிவந்துட்டானோ என்னவோ."

"அப்ப ஜான் சொல்றது சரியா இருக்குமோ?"

"அந்தப் பயலா? ஸ்பேனரை எண்ணுறான்" என்று மைதீன் தட்டை நீட்டினான். "குழம்பு ஊத்து."