நான்காவது கேசட்

மகள் ஓர் ஆங்கில ராக் குழுவின் ஆல்பங்களை முதலிலிருந்து வரிசையாகக் கேட்டு வருகிறாள். இன்று நான்காவது. அது ஆலைச் சங்கு ஊதும் சத்தத்தோடு தொடங்கியது. அடுப்படியில் இருந்த நான் கரண்டியோடு வாசலில் நின்றேன்.

அதே பாட்டை எங்கள் கோவில்பட்டி வீட்டில் கேட்டிருக்கிறேன். அண்ணன் தூத்துக்குடியில் ஒரு கப்பல்காரரிடம் அந்தக் குழுவின் கேசட்டுகள் அத்தனையும் வாங்கி வந்தான். வெளிவந்த வரிசையில்தான் கேட்க வேண்டும் என்று தினம் ஒன்றாகத் தெருவுக்கே கேட்கும்படி போட்டான். நான்காவதைப் போட்ட மதியம், அம்மா சோற்றுக் கையோடு தெருவில் ஓடினாள். அக்கா வேலை பார்த்த தீப்பெட்டி ஆபீசில் நேரங்கெட்ட நேரத்தில் சங்கு ஊதினால் தீ என்று அர்த்தம்.

அண்ணன் பின்னாலேயே ஓடினான். "எம்மா, அது பாட்டும்மா."

அம்மா திட்டவில்லை. "இந்தப் பாட்டு நம்ம ஊருக்கு ஆகாதுலே," என்றாள்.

அவனுக்கோ அதுதான் பிடித்திருந்தது. தினமும் போட்டான். அம்மாவுக்கும் பழகிவிட்டது.

பிறகொரு மதியம் அம்மா அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தபோது சங்கு ஊதியது. "இவனுக்கு வேற சோலி இல்ல," என்றாள், கையை நிறுத்தாமல்.

அண்ணன் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். நாடா சிக்கிய அந்தக் கேசட்டில் பென்சிலைச் செருகிச் சுற்றிக்கொண்டிருந்தான்.

அக்காவை நாங்கள் உயிரோடு பார்த்தது அன்று காலையோடு சரி.

"பாட்டுதாம்மா," என்றாள் மகள். நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினாள். சங்கும் நின்றது. அதன் பிறகுதான் உள்ளே வந்தேன்.