வேன் மலைக்குப் போயிருந்த பகல்

வால்பாறைக் கொண்டை ஊசி வளைவுகளில் வேன் இறங்கிக்கொண்டிருந்தது. காட்டுப்பன்றிக்கு வைத்த சுருக்குக் கம்பியில் பின்னங்காலைக் கொடுத்துவிட்ட ஒரு செவலை நாய் என் மடியில் கிடந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் அது என் சட்டையைப் பல்லால் பற்றிக்கொண்டது, கடிக்கவில்லை. ஆழியாறு வந்ததும் முதலாளியைக் கைப்பேசியில் அழைத்து, "உசுரோட கொண்டாந்துபோட்டனுங்க" என்றேன். "நேரா டாக்டர்கிட்டக் கொண்டு போயிருங்க" என்று மட்டும் சொன்னார். வழக்கமாக ஆயிரம் கேள்வி கேட்டுத் துளைப்பவர். எனக்கிருந்த சந்தோஷத்தில் அந்த மாற்றத்தை நான் கவனிக்கவில்லை.

சிங்காநல்லூரில் இரும்பு வார்க்கும் அவருடைய பவுண்டரியில், அலுவலகத்தில் எனக்கு வேலை. தொழிலாளர்களின் பிள்ளைகள் பலரை அவர்தான் படிக்கவைத்தார். மதுக்கரைக்கு அப்பால் இருந்த தன் தோட்டத்தில், அடிபட்ட நாய்களுக்கும் கைவிடப்பட்ட மாடுகளுக்கும் கொட்டகை போட்டிருந்தார். பணத்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறவர் அல்லர். ஞாயிறு காலைகளில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே புண் கழுவி மருந்து போடுவார். எங்கிருந்து தகவல் வந்தாலும் பவுண்டரியின் வேன் கிளம்பிவிடும்; கூட நானும் போவேன்.

அன்று நானும் டிரைவரும் மலையேறிய பிறகு, உலையருகே வேலை செய்துகொண்டிருந்த ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். முதலாளியின் காரும் வெளியே போயிருந்தது. ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்கப் பொறுக்காமல், இருவர் அவரை நடுவில் உட்காரவைத்து ஸ்கூட்டரில் கொண்டுபோனார்கள். மருத்துவமனை வாசலிலேயே உயிர் பிரிந்துவிட்டது. நான் கைப்பேசியில் பூரித்துப் பேசியபோது, முதலாளி அந்த வாசலில்தான் நின்றுகொண்டிருந்தாராம்.

வேன் இருந்திருந்தாலும் பிழைத்திருப்பாரா என்று சொல்ல முடியாது என்றார் மருத்துவர். அது யாருக்கும் ஆறுதலாக இல்லை. பவுண்டரிக்கென்று ஓர் ஆம்புலன்ஸ் வந்தது. பிராணிகளுக்குத் தனி வண்டி வந்தது. ஆனால் முதலாளி கொட்டகைப் பக்கம் போவதை நிறுத்திவிட்டார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "கை வரமாட்டேங்குதுங்க" என்றார். அந்த நாயோ, அறுபட்ட காலை டாக்டர் எடுத்துவிட்ட பிறகு மூன்று காலில் ஓடப் பழகி, என்னைக் கண்டால் துள்ளியது. அதைத் தடவும்போதெல்லாம் யாரோ பின்னால் நின்று பார்ப்பதுபோல் எனக்கு முதுகு கூசும்.

மறு வருடம், இறந்தவரின் மனைவி தன் மகளின் கல்லூரி விஷயமாக அலுவலகத்துக்கு வந்தார். எழுந்து போகும்போது, "ஏனுங்க, அன்னைக்குக் கொண்டாந்த நாயி பொழச்சுக்கிச்சுங்களா?" என்று கேட்டார். முதலாளி தலை குனிந்துகொண்டார். நான்தான் "பொழச்சுக்கிச்சுங்க" என்றேன்.

"நான் அதப் பாக்கோணுமுங்க."

மூவரும் காரில் தோட்டத்துக்குப் போனோம். நாய் நொண்டி நொண்டி ஓடி வந்து அவர் சேலையை முகர்ந்தது. அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இல்லாத அந்தக் காலையே வெகு நேரம் பார்த்தார். பிறகு நிமிராமலே கேட்டார்: "இதுக்கு வண்டி போகாம இருந்திருந்தா, அவரு இருந்திருப்பாருங்களா?"

"எனக்குத் தெரியலீங்க அம்மணி" என்றார் முதலாளி. அவர் குரல் உடைந்து கேட்டது அன்றுதான்.

அந்த அம்மா அழுதார். நாய் நகரவில்லை. "அது என்னங்க பண்ணும், வாயில்லாத சீவன்" என்று சொல்லி, அதன் தலையில் கை வைத்தார். எங்களைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு எனக்குப் பவுண்டரியில் இருப்புக் கொள்ளவில்லை. சில மாதங்களில் வேறு வேலை தேடிக்கொண்டேன், கொட்டகைக்கும் போகவில்லை. அந்த நாயின் கண்களைப் பார்க்கத் துணிவில்லை என்பதுதான் உண்மை.

போன மாதம் முதலாளி அழைத்தார். நாய் தூக்கத்திலேயே போய்விட்டது என்றார். எனக்குச் சட்டென்று அந்த அம்மாவின் நினைவு வந்தது. "அவங்களுக்குச் சொல்லிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"அவங்கதானுங்க எனக்கே சொன்னாங்க" என்றார். "இத்தனை வருசமும் வாராவாரம் வந்து அதுக்குச் சோறு வெச்சது அவங்கதானுங்க."