மேல் அணையின் அளவு

பக்கத்து நாட்டு நீரளவு ஊழியரை எங்கள் ஊர்க் கூட்டு அலுவலகத்திலிருந்து திருப்பி அனுப்பியது ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று காலைதான் எல்லையை மூடியிருந்தார்கள்.

ஆறு அவர்கள் மலையிலிருந்து எங்களிடம் இறங்குகிறது. மேல் அணையின் அளவை அவர் தினமும் கேட்டுச் சொல்வார். என் சித்தப்பா பதிவேட்டில் எழுதுவார். அளவு வராத நாளில் கீழ்த்தெரு ஜனங்களை மேட்டுக்கு ஏற்றிவிடுவது அவர்கள் இருவரின் வழக்கம்.

"தண்ணி கலங்கலா வருதே, உங்க ஊரே ஒண்ணா குளிச்சுதா?" என்பார் சித்தப்பா.

"அதுதான் உங்களுக்குத் தீர்த்தம், குடிங்கண்ணே."

அவர் போனபின் அளவு வரவில்லை. இரண்டு நாள் ஜனங்களை ஏற்றினார் சித்தப்பா.

"தினமும் ஊரை ஏத்தி இறக்க முடியுமாய்யா? எதையாவது எழுது," என்றார் அதிகாரி.

மழையைப் பார்த்து, பழைய பக்கங்களைப் புரட்டி, சித்தப்பா உத்தேசமாக எழுதத் தொடங்கினார். பத்தொன்பது நாள் பிசகவில்லை. இருபதாம் நாள் மூன்று மீட்டர் என்று எழுதினார். மத்தியானம் வந்த வெள்ளம் கீழ்த்தெருவில் பதினேழு பேரைக் கொண்டுபோனது. அதில் ஒருத்தி என் அத்தை, சித்தப்பாவின் அக்கா.

வெளியூரில் இருந்த நான் ஊர் திரும்பியபோது அவர் வேலையை விட்டிருந்தார். சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து, "மூணுன்னு எழுதினேம்மா," என்பார்.

எட்டு மாதம் கழித்து அவர் கைப்பேசிக்கு வந்த செய்தியை நான்தான் படித்துக் காட்டினேன்.

"அண்ணே, இப்பத்தான் லைன் கிடைச்சுது. அன்னைக்கு ஒன்பது மீட்டர். சொல்ல விடல. ஆனா அளவு வரலைன்னா நீங்க ஜனங்கள ஏத்திருவீங்கன்னு தெரியும். அந்த நம்பிக்கையிலதான் இருந்தேன்."