மணிக்கட்டில் அவள் விரல்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது செல்வியின் கணவர் போன் செய்தார். "மேடம், செல்வி தூக்கத்துலயே போயிட்டா" என்றார். மாரடைப்பாம். எனக்கு அழுகைக்கு முன்னால் 'எப்படி?' என்ற கேள்விதான் வந்தது. அலுவலகத்தில் என் பக்கத்து நாற்காலிக்காரியான செல்வியிடமிருந்து ஒட்டிக்கொண்ட புத்தி அது. எதையும் ஏன், எப்படி என்று குடையாமல் அவள் விட்டதில்லை. வேங்கிக்காலில் நம் அலுவலகத்தில் வேலை பார்த்த நீங்கள் எல்லோரும் அவளிடம் ஒருமுறையாவது மாட்டியிருப்பீர்கள்.

நான் வசமாக மாட்டியது சென்ற ஆண்டு. எடை குறைய வயிற்றில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, விடுப்பு முடிந்து வந்திருந்தேன். வீட்டில் யாருக்கும் அதில் இஷ்டமில்லை. "நல்லா இருந்த வயித்தை வெட்டிக்கிட்டு வந்து நிக்கற" என்று அண்ணன் தினமும் குத்திக் காட்டினார். தண்ணீர் குடித்தாலே குமட்டியது. குமட்டலுக்கு மாத்திரை போட்டால் மேசையிலேயே தூங்கி வழிந்தேன். மாத்திரை இல்லாமல் சமாளிக்க முடிகிறதா பாருங்கள், தண்ணீர் உள்ளே தங்காவிட்டால் உடனே வந்து படுக்கையில் சேர வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனால் அண்ணன் முகத்தில் விழிக்க முடியாது என்பதே என் பெரிய பயம்.

"எப்பப்பா புரட்டுது? குடிச்ச உடனேவா, கொஞ்சம் கழிச்சா?" என்று செல்வி ஆரம்பித்தாள். "சரி, ஒரு வாய் குடி, பாக்கறேன்." நான் வழக்கம்போல டம்ளரைத் தூக்கி அண்ணாந்து ஊற்றிக்கொண்டேன். அவள் கைதட்டிச் சிரித்தாள். "அடிப்பாவி! எச்சில் படக்கூடாதுன்னு காத்தையும் சேத்து முழுங்கறியே! உன் டம்ளர்தானே, வாய் வெச்சுக் குடி." அப்படியும் மடக்கு பெரிதாகவே போனது. மறுநாள் ஒரு டீஸ்பூன் கொண்டுவந்தாள். ஸ்பூன் ஸ்பூனாக, நடுநடுவே பொறுத்து, சாப்பாட்டோடு சேர்க்காமல் குடித்தேன். தண்ணீர் தங்க ஆரம்பித்தது.

பௌர்ணமிக்கு மறுநாள் யாரோ கிரிவலப் பிரசாதமாகச் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்தார்கள். பிரசாதத்தை வேண்டாம் என்பதா? நெய் வழிய ஒரு கவளம் போட்டேன். வியர்த்துக் கொட்டி, நெஞ்சு படபடத்து, மேசையில் கவிழ்ந்துவிட்டேன். செல்வி விசிறிக்கொண்டே திட்டினாள். "கண்ணுல ஒத்திக்கிட்டு என்கிட்ட குடுத்துடு. சாமி ஒண்ணும் கோச்சுக்காது, உன் வயிறுதான் கோச்சுக்குது."

பிறகு அவளுக்கு இதுவே வேலையாயிற்று. இஞ்சித் தண்ணீர் கொடுத்தாள், எனக்கு எரிந்தது. "எல்லாருக்கும் ஒத்துக்குதுன்னா உனக்கும் ஒத்துக்கணுமா? விடு" என்றாள். எலுமிச்சைத் தோலை முகர்ந்தால் கொஞ்சம் அடங்கியது. குமட்டல் வரும்போதெல்லாம் என் மணிக்கட்டுக்குக் கீழே, உள்பக்கத்தில், விரல்களால் அழுத்தி, மெல்ல மூச்சு விடச் சொல்வாள். அது நன்றாகவே கேட்டது. அதிலும் அவளுக்குச் சந்தேகம். "இது அழுத்தறதால கம்மியாகுதா, இல்ல நான் கையைப் பிடிச்சுக்கறதாலயா?"

"தெரியலப்பா, விடாம பிடி" என்றேன்.

ஆனாலும் அலுவலகத்தில் மட்டும் குமட்டல் ஜாஸ்தி. அவள் விடுப்பில் இருந்த நாளில் எப்படி இருந்தது என்று கேட்டாள். நன்றாக இருந்தது என்றேன். தன் தலையில் இருந்த மல்லிச்சரத்தைத் தொட்டு, விரலை முகர்ந்து பார்த்தாள். "அட, நான்தானா!" என்று அதைக் கழற்றி வெளியே கொண்டுபோனாள்.

அன்றிலிருந்து காலையில் வந்ததும் பூவை எடுத்து வண்டி டிக்கியில் வைத்துவிடுவாள். பூ இல்லாமல் வீட்டை விட்டுக் கிளம்பினாலும் திரும்பினாலும் மாமியார் வாயில் விழ வேண்டும். அதனால் வெயிலில் வெந்து சுருண்ட பூவையே சாயங்காலம் வைத்துக்கொண்டு போவாள். எனக்குக் கூசியது. "எனக்காக எதுக்குப்பா?" என்றேன். "பூ எங்க போயிடப் போவுது? நீ தண்ணியக் குடி" என்றாள். நான் ஆஸ்பத்திரிக்குத் திரும்பவே இல்லை. அவளை எனக்கு அவ்வளவு பிடிக்கும் என்று ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதுமில்லை.

அடி அண்ணாமலையில் அவள் வீட்டு வாசலில் போய் நின்றபோது, உள்ளே சம்பங்கியும் ரோஜாவும் ஊதுவத்தியும் ஒன்றாக மணந்தன. அடங்கியிருந்த குமட்டல் குபீரென்று கிளம்பியது. அவளைப் பார்க்காமல் திரும்ப வேண்டியதாகிவிடுமோ என்று பதறினேன். அவள் காட்டிய அதே இடத்தில் என் மணிக்கட்டை நானே அழுத்தினேன். மெல்ல மூச்சு விட்டேன். இன்னும் அழுத்தினேன். அடங்கவில்லை. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போனேன். தலை நிறைய மல்லி வைத்திருந்தார்கள். இனி யாருக்காகவும் அவள் கழற்றப் போகாத பூ. மூக்கிலிருந்து முந்தானையை எடுத்துவிட்டேன்.

அவள் தந்த டீஸ்பூனும், வாய் வைத்துக் குடிக்கும் பழக்கமும், எதையும் குடையும் புத்தியும் என்னிடம் இருக்கின்றன. அவள் கேட்டுவிட்டுப் போன கேள்விக்குப் பதிலும் இப்போது இருக்கிறது. நீ கையைப் பிடித்துக்கொண்டதால்தான், செல்வி.